ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைக்கு எஸ்.எஸ்.டி எதுக்கு?

புத்தளம் டவுன்ல ஒரு கொம்பியூட்டர் கடை. 2024 ஜனவரி. கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணா கேட்டார்.

"கேம் விளையாடுவீங்களா?"

"இல்ல."

"வீடியோ எடிட்டிங்?"

"இல்ல."

"அப்ப என்ன படிக்கிறீங்க?"

"ஆர்ட்ஸ்."

"ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளைக்கு எஸ்.எஸ்.டி எதுக்கு? டைப் பண்ண இருக்கிற ஹார்ட் டிஸ்க்கே காணும்."

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை. என் காசை மிச்சம் பிடித்துத் தரத்தான் பார்த்தார். ஆனால் அந்தக் கேள்வி இரண்டு வருஷமாக எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு அது பிழையான கேள்வி என்று நினைத்தேன். இன்றைக்கும் பிழை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அன்று நினைத்த காரணத்துக்காக அல்ல. இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். கொம்பியூட்டர் பாஷை கொஞ்சம் வரும். பயப்பட வேண்டாம், நானும் உங்களைப் போல ஆள்தான்.

முதலில் மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கட வீடு எலுவன்குளத்தில். புத்தளத்திலிருந்து மன்னாருக்குப் போகும் பழைய பாதையில், வில்பத்துக் காடு தொடங்குவதற்கு முன்னால் வரும் ஊர். எங்களுக்கு வடக்கே கலா ஓயா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் காடு. மேற்கே கங்கேவாடி, கண்டல் காடு, கடல். கொழும்பில் ஒரு ஒபிஸில் வேலை செய்யும் மாமா, அங்கே கழித்துப் போட்ட டெஸ்க்டொப் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். இன்டெல் ஐ3, இரண்டாம் தலைமுறை. எச்61 மதர்போர்ட். 4 ஜிபி ரெம். 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய், பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்தாலும் வின்டோஸ் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். ஒருநாள் ஃபோனில் நேரம் பிடித்துப் பார்த்தேன்: நாலு நிமிஷம் பத்து செக்கன்.

டைப் பண்ணுவதற்கு இது காணும்தான். ஆனால் ஆர்ட்ஸ் படிக்கிறவர்கள் டைப் மட்டுமா பண்ணுகிறோம்? என் ஆய்வுக்கு நான் ஆட்களின் குரலைப் பதிவு பண்ணிக்கொண்டிருந்தேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சனம் வீடு வாசலை விட்டு வந்தது. அதில் பெரும்பகுதி வந்து தங்கியது எங்கட புத்தளம் மாவட்டத்தில். என் உம்மாட உம்மாவும் அப்படி வந்தவர். மரிச்சுக்கட்டிப் பக்கம். அவரையும், அவருடைய வயதுக்காரர்களையும் உட்கார வைத்து, ஃபோனில் பதிவு பண்ணினேன். மொத்தம் 37 மணித்தியாலம். அதைக் கேட்டு, நிறுத்தி, பின்னுக்குப் போய், திருப்பிக் கேட்டு எழுத வேண்டும். பக்கத்தில் நூற்றுக்கணக்கான பக்கத்தில் பிடிஎஃப்கள் திறந்திருக்க வேண்டும். பிரவுசரில் பத்து டெப். அந்த மெஷின் ஒவ்வொரு கிளிக்குக்கும் பெருமூச்சு விட்டது.

ஏன் அப்படி என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். ஹார்ட் டிஸ்க் என்பது உண்மையில் ஒரு சுழலும் தட்டு. டெஸ்க்டொப்பில் வருவது பொதுவாக நிமிஷத்துக்கு 7200 சுற்று. அதன் மேலே ஒரு கை, கிராமபோன் ஊசி மாதிரி, ஆனால் தட்டில் முட்டாமல் ஓடுகிறது. ஒரு ஃபைல் வேண்டுமென்றால் அந்தக் கை சரியான இடத்துக்குப் போக வேண்டும், தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்த்து சராசரியாக 13 மில்லிசெக்கன் மாதிரி. சின்ன நேரம்தானே என்று தோன்றும். ஆனால் வின்டோஸ் திறக்கும்போது எடுப்பது ஒரு பெரிய ஃபைலை அல்ல, அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களை. ஒரு செக்கனுக்கு எண்பது, நூறு தடவைதான் அந்தக் கையால் ஓட முடியும். நூலகத்தில் ஒரே ஒரு ஊழியர், ஒரு தடவைக்கு ஒரு புத்தகம், ஆயிரம் புத்தகம் கேட்டு வரிசையில் நாம் நிற்கிறோம். அதுதான் அந்த வட்டம்.

எஸ்.எஸ்.டியில் ஓடுகிற கை இல்லை, சுற்றுகிற தட்டும் இல்லை. சிப்புக்குள் கோடிக்கணக்கான நுண்ணிய அறைகளில் மின்னேற்றத்தை அடைத்து வைப்பதுதான் அதன் வேலை. இந்த நேண்ட் ஃபிளாஷ் தொழில்நுட்பத்தை 1980களில் ஜப்பானில் தோஷிபா கம்பனியில் வேலை செய்த ஃபுஜியோ மசுவோக்கா கண்டுபிடித்தார். எந்த அறையைக் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே நேரம். செக்கனுக்கு நூறு அல்ல, பல்லாயிரம் தடவை. அதனால்தான் ஒரு பழைய மெஷினுக்குச் செய்யக்கூடிய வைத்தியங்களில் இதற்கு நிகரில்லை என்கிறேன். புரொசசர் மாற்றினாலும் அந்த வித்தியாசம் வராது.

சரி, எதை வாங்குவது? இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். யூடியூபில் எஸ்.எஸ்.டி என்று தேடினால் வருவதெல்லாம் கேமர்களுக்கான வீடியோ. செக்கனுக்கு 7000 எம்பி, 14000 எம்பி என்று கத்துவார்கள். அதெல்லாம் என்விஎம்இ வகை. புதிய மதர்போர்டில் எம்.2 என்ற சின்ன ஸ்லொட்டில், சுவிங்கம் துண்டு மாதிரி படுக்கும் டிரைவ். எங்கட மாமாவின் எச்61 போர்டில் அந்த ஸ்லொட்டே கிடையாது. கடைக்காரரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை என்றால், வீட்டுக்குக் கொண்டுவந்து கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அதனால் முதல் விதி: காசை எடுக்க முன் மதர்போர்டின் பெயரைப் பாருங்கள். கேசிங்கின் பக்கத் தகட்டைக் கழற்றினால் போர்டிலேயே அச்சடித்திருக்கும். எம்.2 ஸ்லொட் இருக்கிறதா? இருந்தால் அது என்விஎம்இ ஏற்குமா, சாட்டா மட்டுமா? எம்.2 என்பது வடிவத்தின் பெயர், வேகத்தின் பெயர் அல்ல. ஒரே வடிவத்தில் இரண்டு வகையும் வருகிறது. இல்லையென்றால் பேசாமல் இரண்டரை அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. அது பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் அதே மாதிரி வயர்களில் பூட்டும். சாட்டாவின் மூன்றாம் தலைமுறையில் செக்கனுக்கு 550 எம்பி வரை வரும். எச்61 இல் இருப்பது இரண்டாம் தலைமுறை, ஆகவே பாதிதான் வரும். அதைக் கேட்டு நான் முதலில் மனம் சோர்ந்தேன். தேவையில்லை. நாம் உணர்கிற வேகம் ஒரு பெரிய படத்தை கொப்பி பண்ணுகிற வேகம் அல்ல. சின்னச் சின்ன ஃபைல்களை உடனுக்குடன் எடுக்கிற வேகம். அது பழைய போர்டிலும் வருகிறது. நாலு நிமிஷம் பத்து செக்கன், எனக்கு முப்பது செக்கனுக்குக் கீழே வந்தது.

இரண்டாவது, பெட்டியில் எழுதியிருப்பதை வாசிக்கப் பழகுங்கள். டிஎல்சி என்றால் ஒரு அறையில் மூன்று பிட், கியூஎல்சி என்றால் நாலு பிட். நாலு பேரை அடைத்த அறை மலிவு, ஆனால் எழுதும் வேகமும் ஆயுளும் குறைவு. விலை வித்தியாசம் கொஞ்சம் என்றால் டிஎல்சியை எடுங்கள். டிபிடபிள்யூ என்று ஒரு எண் இருக்கும். மொத்தம் எத்தனை டெராபைட் எழுதும்வரை கம்பனி பொறுப்பு என்பது. 240 ஜிபி சாதாரண டிரைவ்களில் 80 மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதினாலும் வருஷத்துக்கு 7 டெராபைட் சொச்சம்தான். பத்து வருஷத்துக்கு மேலே. ஆகவே "எஸ்.எஸ்.டி சீக்கிரம் தேய்ந்துபோகும்" என்று யாராவது சொன்னால், எங்கட மாதிரி ஆட்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை.

மூன்றாவது, ஏமாற வேண்டாம். ஒன்லைனில் 2 டெராபைட், 4 டெராபைட் வெளி எஸ்.எஸ்.டி என்று அள்ளிக்கொடுக்கிற விலையில் ஒன்று வரும். உள்ளே திறந்தால் ஒரு மெமரி கார்ட் ஒட்டியிருக்கும். கொம்பியூட்டருக்கு மட்டும் 2 டெராபைட் என்று பொய் சொல்லும். ஃபைல் போகிற மாதிரியே போகும், உண்மையான கொள்ளளவு முடிந்த பிறகு போனவை எதுவும் திரும்பி வராது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது. டிரைவ் முழுக்க எழுதி, திருப்பி வாசித்து, உண்மையைச் சொல்லும். வாங்கிய அன்றைக்கே ஓட்டிப் பாருங்கள்.

பூட்டும்போது செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கரண்ட் வயரைக் கழற்றிவிட்டு, கேசிங்கின் இரும்பைத் தொட்டு உடம்பு மின்னைப் போக்கிக்கொள்ளுங்கள். பயோஸில் சாட்டா மோட் ஏஎச்சிஐ என்று இருக்கிறதா என்று பாருங்கள். பழைய ஒபிஸ் மெஷின்களில் ஐடிஇ என்று விட்டிருப்பார்கள். புதிதாக வின்டோஸ் போடும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் வயரைக் கழற்றி வையுங்கள். இல்லையென்றால் தொடங்குவதற்கான பகுதியை அது பழைய டிஸ்க்கில் கொண்டுபோய் வைத்துவிடும், பிறகு பழையதைக் கழற்றினால் மெஷினே திறக்காது. டிரைவை முழுக்க நிரப்ப வேண்டாம், பத்து பதினைந்து வீதமாவது காலியாக விடுங்கள். டிஃப்ராக் பண்ணவே வேண்டாம். அது ஓடுகிற கைக்கு வசதி செய்துகொடுக்கிற வேலை. இங்கே கையே இல்லை.

வின்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. இந்த மாதிரிப் பழைய புரொசசர்களை வின்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. அதற்காக மெஷினைத் தூக்கி எறியச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. ஒரு எஸ்.எஸ்.டி, பாவித்த டிடிஆர்3 ரெம் இன்னொரு 4 ஜிபி, மேலே லினக்ஸ் மின்ட். தமிழ் டைப்பிங் ஒழுங்காக வருகிறது. இன்னும் சில வருஷம் ஒரு பிள்ளை அதில் படிக்கலாம். ஒபிஸ்காரர் கழித்த மெஷின் குப்பை மேட்டுக்குப் போவதா, ஒரு பிள்ளையின் மேசைக்குப் போவதா என்பதை, எங்கள் பக்கத்தில் பல சமயம் ஒரு எஸ்.எஸ்.டியின் விலைதான் தீர்மானிக்கிறது. அந்த விலையும் இப்போது ஏறுகிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போகின்றன. மைக்ரோன் கம்பனி, எங்களைப் போல சாதாரண ஆட்களுக்கு விற்ற தன் குரூஷல் வியாபாரத்தை நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. எலுவன்குளத்தில் ஒரு பிள்ளை வாங்கும் டிரைவின் விலையை உலகத்தின் மறுகோடியில் ஒரு கட்டடம் ஏற்றி விடுகிறது.

இதுவரைக்கும் வாசித்தால், நான் எஸ்.எஸ்.டிக்கு விளம்பரம் எழுதுகிற மாதிரி இருக்கும். கடைக்கார அண்ணாவுக்கு நான் அன்று மனதுக்குள் சொன்ன பதிலும் இதுதான். இனி சொல்லப்போவது அவருக்கும் எனக்கும் அன்று தெரியாதது.

புது டிரைவ் பூட்டிய கையோடு ஒரு வேலை செய்தேன். பதிவுகள் எல்லாவற்றையும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டிக்கு மாற்றினேன். சுற்றுகிற தட்டு இல்லை, விழுந்தாலும் உடையாது, ஆகவே பாதுகாப்பு என்று நினைத்தேன். ஃபோனில் இடம் போதாமல் அங்கே இருந்ததை அழித்தேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை ஃபோர்மட் பண்ணி, படம் பார்க்க வேண்டுமென்ற மச்சானிடம் கொடுத்தேன்.

அந்த வருஷம் ஜூலையில் உம்மாட உம்மா மௌத்தாகிவிட்டார்.

2025 பெப்ரவரியில் ஒருநாள் மாலை கரண்ட் போய், வந்து, திரும்பப் போனது. எங்கட பக்கம் அது புதினம் இல்லை. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை இருட்டில் இருந்த நாடு இது. அதே 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கு துணை மின்நிலையத்தில் பாய்ந்து முழு இலங்கையும் இருளில் மூழ்கியதை உலகமே சிரித்து வாசித்தது. எங்கள் வீட்டில் நடந்தது அதற்குப் பிறகு, ஒரு சாதாரண நாளில். கரண்ட் வந்ததும் மெஷினைப் போட்டேன். டிரைவ் இல்லை என்றது. வயரை மாற்றினேன். வேறு மெஷினில் போட்டேன். இல்லை. கரண்டால் போனதா, டிரைவே பழுதா என்பது இன்றுவரை தெரியாது. கெம்பஸில் தொழில்நுட்பம் தெரிந்த ஒரு தம்பி பார்த்துவிட்டுச் சொன்னான்: "கன்ட்ரோலர் போயிருக்கும் போல. ஹார்ட் டிஸ்க் என்டா சாக முந்தி டக் டக் எண்டு சத்தம் போடும். இது சொல்லாமக் கொள்ளாமப் போயிரும்." மீட்டெடுக்கக் கேட்ட இடத்தில் சொன்ன தொகை, என் மஹாபொலவில் ஒரு வருஷத்துக் காசுக்கும் மேலே. அதுவும் உத்தரவாதம் இல்லாமல்.

மச்சானின் ஹார்ட் டிஸ்க்கை வாங்கிப் பார்த்தோம். அதற்குள் அதன் மேலே தொடர் நாடகமும் படமும் ஏறி நிரம்பியிருந்தது. 37 மணித்தியாலத்தில் அங்கும் இங்கும் பொறுக்கியது 9 மணித்தியாலம். உம்மாட உம்மாவின் குரலில் மிஞ்சியது பதினொரு நிமிஷம். நான் எடுத்து வைத்ததல்ல. குவைத்தில் இருக்கும் மாமி "உம்மாட கதையக் கொஞ்சம் அனுப்பு" என்று கேட்டு, வட்ஸ்அப்பில் நான் அனுப்பிய துண்டு. அதில் அவர், கிணற்றடியில் காயப்போட்ட உடுப்பை எடுக்காமலே வந்துவிட்டதைப் பற்றிச் சொல்கிறார். காட்டுப் பாதையைப் பற்றிய பகுதி, பிள்ளைகளை எண்ணி எண்ணி நடந்த பகுதி, அது இல்லை. எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் என் ஞாபகம் அவருடைய குரல் ஆகாது.

இப்போது என்னைச் சுடுகிற கணக்கைச் சொல்கிறேன். ஃபோன் பதிவு, 128 கேபிபிஎஸ் தரத்தில், ஒரு மணித்தியாலத்துக்கு 58 எம்பி மாதிரி. 37 மணித்தியாலத்துக்கு இரண்டு ஜிபி சொச்சம். ஒரு பாதிப் படம். மேசை லாச்சியில் கிடந்த பென் டிரைவிலே அடங்கியிருக்கும். நான் எம்.2வா சாட்டாவா, டிஎல்சியா கியூஎல்சியா என்று மூன்று கிழமை படித்தேன். அந்த இரண்டு ஜிபியை இன்னொரு இடத்தில் வைக்கப் பத்து நிமிஷம் செலவழிக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், எங்கட தலைமுறைக்கு வேகத்தைப் பற்றிப் பேசத் தெரியும், வைத்திருப்பதைப் பற்றிப் பேசத் தெரியாது. எஸ்.எஸ்.டி பற்றிய எல்லா வீடியோவும் எத்தனை செக்கனில் திறக்கிறது என்று காட்டுகிறது. அது வேலை செய்யும் மேசை. அலுமாரி அல்ல. கரண்ட் இல்லாமல் கழற்றி வைத்தால் அந்த அறைகளில் அடைத்த மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசியும், சூடான இடத்தில் இன்னும் வேகமாக. நன்றாகப் பாவித்துத் தேய்ந்த சாதாரண எஸ்.எஸ்.டி, கரண்ட் இல்லாமல் 30 பாகை வெப்பத்தில் ஒரு வருஷம் தாங்கினால் போதும் என்பதுதான் அந்தத் தொழிலின் தர அளவுகோலே. புத்தளத்து வெயிலில் ஓட்டுக்குக் கீழே என்ன வெப்பம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கட ஊருக்கு வடக்கே, ஆற்றைத் தாண்டி, காட்டுக்குள் பொம்பரிப்பில் இரண்டாயிரம் வருஷத்துக்கும் பழைய ஈமத்தாழிகளைத் தோண்டி எடுத்தார்கள். மண்பானை அவ்வளவு காலம் தாங்கியது. என் டிரைவ் பதின்மூன்று மாதம்.

"நீ கவலையீனமாக இருந்தாய், அதற்கு ஊரை ஏன் இழுக்கிறாய்?" என்று கேட்கலாம். நியாயம். ஆனால் கவலையீனம் எனக்கு மட்டும் சொந்தமில்லை. 2023இல் இலங்கை அரசாங்க கிளவுட்டை ரென்சம்வேர் தாக்கியபோது, மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான அரசாங்க மின்னஞ்சல்கள் திரும்பி வரவேயில்லை. அமைச்சரவை அலுவலகத்தின் மின்னஞ்சலும் அதில் அடக்கம். அந்தக் காலத்துக்கான மறுபிரதி இருக்கவில்லை. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜோனில் அரச தரவு நிலையம் தீப்பிடித்தபோது, அரச ஊழியர்கள் வேலை ஃபைல்களை வைத்திருந்த 858 டெராபைட் களஞ்சியம் எரிந்து போனது. உலகத்துக்கே மெமரி சிப் செய்துகொடுக்கிற நாடு அது. அதற்கும் வெளியே ஒரு பிரதி இருக்கவில்லை.

எங்களுக்கு இந்தப் பாடம் இன்னும் முந்தியே கிடைத்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 97,000 நூல்கள் என்பார்கள். அந்த எண்ணைவிட வலிப்பது, அதற்குள் வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் கையெழுத்துகளும் இருந்தன என்பது. 2005இல் நூலகம் என்ற மின்நூலகத்தைத் தொடங்கியவர்கள் அதைத்தான் விளங்கிக்கொண்டார்கள். ஒரு இடத்தில் மட்டும் இருக்கிற பொருள் ஏற்கெனவே பாதி தொலைந்த பொருள். நாம் வருஷா வருஷம் நூலக எரிப்பை நினைவுகூர்ந்து ஸ்டேட்டஸ் போடுகிறோம். நானும் போட்டிருக்கிறேன். போட்ட கையால்தான் பழைய டிஸ்க்கை ஃபோர்மட்டும் பண்ணினேன்.

இங்கே பல்கலைக்கழகங்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். கலைப்பீட மாணவர்கள் வருஷா வருஷம் ஊர் ஊராகப் போய், வயதானவர்களின் பேச்சை, பாட்டை, தொழிலை, வழக்கை, வைத்தியத்தைப் பதிவு பண்ணுகிறோம். ஆய்வேட்டை எத்தனை பிரதி, என்ன நிறத்தில் பைண்ட் பண்ண வேண்டும் என்று விதி இருக்கிறது. எழுத்து அளவுக்கும் ஓரத்து இடைவெளிக்கும் விதி இருக்கிறது. "உன் பதிவுகள் எங்கே இருக்கின்றன?" என்று என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்ட வரையில் மற்றப் பிள்ளைகளிடமும் கேட்கவில்லை. மார்க்ஸ் வந்ததும் அவை யாருடையதோ ஃபோனில் கிடந்து, அந்த ஃபோன் மாறும்போது போய்விடுகின்றன. ஒவ்வொரு கலைப்பீடத்திலும் ஆய்வேட்டோடு மூலப் பதிவையும் ஒப்படைக்கிற ஒரு ஏற்பாடு வேண்டும். இரண்டு பெரிய ஹார்ட் டிஸ்க்கும், ஒரு பதிவேடும், பொறுப்பான ஒரு ஆளும் இருந்தாலே தொடங்கலாம்.

அதற்கு ஒரு மறுப்பும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. இந்தக் குரல்கள் எங்கட சொத்து அல்ல. என்னிடம் பேசிய ஒரு பெரியம்மா சில பெயர்களைச் சொல்லிவிட்டு, "இத வெளிய விட்ராத மகேள்" என்றார். எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் ஏற்றிவிட்டால் சரி என்பது அவருக்குச் செய்யும் துரோகமாகக்கூட முடியலாம். ஆகவே பிரதி எடுப்பதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும்: எங்கே வைக்கலாம், யார் கேட்கலாம், எவ்வளவு காலத்துக்கு. கிளவுட்டில் வைப்பதென்றால் பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய ஃபைலாக வைக்க வேண்டும். கவனம் என்பது தொலையாமல் பார்ப்பது மட்டுமல்ல, சிந்தாமல் பார்ப்பதும்தான்.

போன நவம்பரில் டித்வா புயல் வந்தபோது இதெல்லாம் திரும்பவும் பரீட்சைக்கு வந்தது. ராஜாங்கனைக் கதவுகள் திறந்தால் எங்கட பக்கம் பாதை மூடுவது வழக்கம்தான். இந்தத் தடவை கலா ஓயா வழக்கத்தைப் பார்க்கவில்லை. இரவு வாசல்படியில் தண்ணீர் நின்றது. வாப்பா கேசிங்கைத் தூக்கி அலுமாரிக்கு மேலே வைத்தார். உம்மா அரிசியைத் தூக்கினார். நான் உடன்பிறப்புகளின் சேர்ட்டிபிக்கேட் ஃபைலைத் தூக்கினேன். மிஞ்சிய 9 மணித்தியாலத்தையும், அதற்குப் பிறகு திரும்பப் போய் எடுத்த பதிவுகளையும் தேடி நான் ஓடவில்லை. அவற்றின் ஒரு பிரதி மெஷினில், ஒரு பிரதி வெளி ஹார்ட் டிஸ்க்கில், இன்னொன்று பாஸ்வேர்டோடு புத்தளம் டவுனில் சாச்சியின் வீட்டில், மேல்மாடியில், பிஸ்கட் டின்னுக்குள். மூன்று பிரதி, இரண்டு வகைப் பொருளில், ஒன்று வேறு இடத்தில். பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய கணக்கு இது. பிஸ்கட் டின் மட்டும் எங்கட சேர்க்கை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சாச்சி வீட்டுக்குப் போய், பிளேன்டீ குடித்து, டின்னைத் திறந்து, ஃபைல்கள் திறக்கிறதா என்று கேட்டுப் பார்த்து, புதியதைச் சேர்த்துவிட்டு வருகிறேன். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

ஆகவே, பழைய டெஸ்க்டொப்போடு மல்லுக்கட்டும் உங்களுக்கு என் கருத்து இதுதான். எஸ்.எஸ்.டி வாங்குங்கள். கட்டாயம் வாங்குங்கள், ஆர்ட்ஸ் பிள்ளைக்குத்தான் நேரம் மிச்சமாக வேண்டும். ஆனால் கையிலிருக்கும் காசு முழுவதையும் அதில் போடாதீர்கள். 500 ஜிபி வாங்க நினைத்தால் 240 வாங்கி, மிச்சக் காசில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கையோ, அதற்கும் காணாவிட்டால் நம்பகமான இரண்டு பென் டிரைவையோ எடுங்கள். கரண்ட் விளையாடும் ஊர் என்றால் ஒரு சின்ன யூபிஎஸ். பழைய ஹார்ட் டிஸ்க்கை யாருக்கும் கொடுக்காதீர்கள். மச்சானுக்குக்கூட.

கடைக்கார அண்ணாவைப் போன மாதம் பார்த்தேன். யூபிஎஸ் பெட்டரி வாங்கப் போனபோது. என்னை ஞாபகம் இருக்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு தங்கச்சி நின்றாள், இந்த வருஷம் கெம்பஸ் கிடைத்தவளாம். "என்ன படிக்கப் போறீங்க?" என்று அவளிடமும் கேட்டார். அவள் பதில் சொல்வதற்கு முன் நான் குறுக்கே புகுந்து, "உங்கட ஃபைலெல்லாம் இப்ப எங்க இருக்கு?" என்று கேட்டேன். அவள் ஃபோனைத் தூக்கிக் காட்டினாள்.

"வேற எங்கயும்?"

"இல்ல."

அண்ணா கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, எஸ்.எஸ்.டிக்குப் பக்கத்தில் ஒரு பென் டிரைவையும் எடுத்து வைத்தார்.